மடக்குக் கூரையின் சட்டம், மூட்டுகள், கொக்கிகள்: சீரமைப்பை எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி – நீலக்கன்வர்டிபிள்

வணக்கம். 1965 மாடல் போர்டு மஸ்டாங் கன்வர்டிபிள் ஒன்றைச் சீரமைத்துக்கொண்டிருக்கிறேன். அடித்தகடுகள், எஞ்சின், பிரேக் ஆகிய பெரிய வேலைகள் முடிந்து, கார் இப்போது தன் சக்கரங்களில் நிற்கிறது. அடுத்து மடக்குக் கூரையின் முறை. பழைய துணியைக் கழற்றிவிட்டதால் வெறும் இரும்புச் சட்டம் மட்டுமே வண்டியின்மேல் இருக்கிறது. பின்னிருக்கைக்குப் பின்னால் பம்பும், இரு பக்கமும் ஒவ்வொரு ஹைட்ராலிக் சிலிண்டரும் உள்ள, சுவிட்சை அழுத்தினால் தானாக மடியும் வகை இது.

இப்போதைய நிலைமையைச் சொல்கிறேன். சுவிட்சை அழுத்தினால் சட்டம் எழுகிறது. ஆனால் வலப்பக்கம் முந்திக்கொண்டு போக, இடப்பக்கம் ஒரு சாண் அளவுக்குப் பின்தங்கி, பாதி உயரத்தில் தயங்கி நின்று, பிறகு ஒரு குலுக்கலுடன் எழுகிறது. முன்சட்டம் விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பில் வந்து அமரும்போது கோணலாக அமர்வதால், இடப்பக்கக் கொக்கி தன் பிடியில் விழுவதற்குக் கையால் பலமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. பக்கச் சட்டத்தின் மூட்டுகளில் துருவும் பழைய கிரீஸும் சேர்ந்து இறுகிக் கிடக்கின்றன. சில மூட்டுகள் கையால் அசைத்தாலே ஆட்டம் கொடுக்கின்றன. கொக்கிகளின் குரோம் முலாம் முழுவதும் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிட்டது. பம்பு ஓடும்போது உறுமல் சத்தம் வருகிறது.

"எல்லாவற்றையும் கழற்றி, சட்டத்தைப் பவுடர் கோட்டிங்குக்கும் கொக்கிகளைக் குரோம் முலாமுக்கும் ஒரே தடவையில் அனுப்பிவிடுங்கள், புதிய சிலிண்டர்கள் போட்டால் கூரை நேராக எழும்" என்று எனக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. இந்த வரிசை சரியானதா? மூட்டுகளில் உள்ள ரிவெட்டுகளைக் கழற்றத்தான் வேண்டுமா, அல்லது எண்ணெய் விட்டே சரிசெய்யலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் – சுழல்மூட்டு

ஐயா, உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. பூச்சும் முலாமும் கடைசியில் வர வேண்டியவை. சட்டம் வெறும் இரும்பாக இருக்கும்போதே நேராக எழுந்து, நேராக மடிந்து, கொக்கி ஒரு விரலின் பலத்தில் விழ வேண்டும். அந்த நிலையை எட்டிய பிறகுதான் ஒரு துளி பெயின்ட்கூட அதன்மேல் விழ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூச்சு முடிந்த சட்டத்தில் மூட்டைத் தட்டி, தேய்த்து, வளைத்துச் சரிசெய்ய எவருக்கும் மனம் வராது. அதனால்தான் பளபளவென்று இருந்தும் கோணலாக மூடும் கூரைகளை இவ்வளவு அதிகமாகப் பார்க்கிறோம்.

சிலிண்டர்களைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யுங்கள். சட்டத்தோடு சிலிண்டர் தண்டு சேரும் பின்னை இரு பக்கமும் கழற்றிவிட்டு, இருவர் சேர்ந்து கூரையைக் கையால் மெதுவாகத் தூக்கி மடக்கிப் பாருங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். மூட்டுகளுக்கிடையில் விரல் சிக்கினால் எலும்பு முறியும். நல்ல சட்டம் எந்த இடத்திலும் தயங்காமல், ஒரே சீரான எடையுடன் வரும். எங்கே பிடித்துக்கொள்கிறதோ அந்த இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு மூட்டாகக் கையால் தொட்டுப் பார்த்தால் பிடிக்கும் மூட்டு தானே தெரிந்துவிடும். உங்கள் இடப்பக்கம் தயங்குவதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன்.

அடுத்தது ஆட்டம். இறுகிய மூட்டை எல்லோரும் கவனிக்கிறார்கள். தளர்ந்த மூட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரிவெட் தளர்ந்த கத்தரிக்கோலின் அலகுகள் ஒன்றையொன்று விட்டு விலகுவதுபோலத்தான் இங்கும் நடக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மூட்டில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும் அகலம் 10 மில்லிமீட்டர் என்றும், அங்கே 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த மூட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் முன்சட்டம் பக்கவாட்டில் 20 மில்லிமீட்டர் வரை விலக அது போதும். மூன்று மூட்டுகளிலும் அதே ஆட்டம் இருந்தால் கொக்கி எப்படித் தன் பிடியில் விழும்? ஆகவே எண்ணெய் விட்டு இறுக்கத்தைப் போக்கலாமே தவிர, தேய்மானத்தைப் போக்க முடியாது. தேய்ந்த ரிவெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை மிக முக்கியம். ஒவ்வொரு மூட்டையும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். தகடுகளுக்கு நடுவே தட்டையான வாஷர், அலைபோல் வளைந்த ஸ்பிரிங் வாஷர், நைலான் வாஷர் என்று வரிசை இருக்கும். அந்த வரிசை மாறினால் பக்கச் சட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளிப்போய், கதவுக் கண்ணாடியோடு உரசத் தொடங்கும். எனவே வாஷர்களை அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து, எந்த மூட்டு என்று அட்டை கட்டி வையுங்கள். குறுக்கே செல்லும் வளைவுச் சட்டங்களுக்கு இடையிலான தூரத்தையும், பின்வளைவு உடற்தகட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும் கூரை மூடிய நிலையில் அளந்து எழுதிவிடுங்கள். வளைவுகளை அவற்றின் இடத்தில் நிறுத்துவது துணிப் பட்டைகள்தாம். அவற்றைக் கழற்றிவிட்டால் அந்த அளவுகள் வேறெங்கும் கிடைக்காது. பட்டைகள் இன்னும் சட்டத்தில் இருந்தால் இன்றே அளந்துவிடுங்கள்.

ரிவெட்டின் தலையை மட்டும் அரைத்து நீக்கி, உடலைப் பஞ்ச் எனும் எஃகுத் தட்டுகோலால் தட்டி வெளியே எடுக்க வேண்டும். துளையிட்டு எடுக்க முயன்றால் டிரில் வழுக்கித் தகட்டின் துளையை நீள்வட்டமாக்கிவிடும். வெளியே வந்த ரிவெட்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்து, நகத்தால் தொட்டாலே உணரக்கூடிய ஒரு படி விழுந்திருக்கும். அந்தப் படி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சுமை விழுந்திருக்கிறது. தகட்டின் துளையும் அதே திசையில் நீண்டிருக்கும்.

நீண்டுபோன துளையை வெல்டிங்கால் அடைத்து மறுபடி துளையிடுவது ஒரு வழி. ஆனால் வெல்டிங்கின் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும் என்பதால், துளையைச் சற்றுப் பெரிதாக்கி, ரீமரால் சீராக்கி, வெண்கலப் புஷ் (துளைக்குள் அமரும் வளையம்) ஒன்றை அழுத்திப் பொருத்துவதையே நான் விரும்புகிறேன். எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ் இதற்கு மிகவும் ஏற்றது. ரிவெட்டுக்குப் பதிலாகத் தோள் போல்ட் (மரைக்கு மேல் ‘தோள்’ எனப்படும் வழவழப்பான தடித்த பகுதி உள்ள போல்ட்) போடுங்கள்; தோளின் நீளம், தகடுகளும் வாஷர்களும் சேர்ந்த மொத்தத் தடிமனைவிட ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் நட்டை முழுவதும் இறுக்கினாலும் மூட்டு பிடித்துக்கொள்ளாமல் சுழலும்.

துளையின் மையம் எக்காரணத்தாலும் இடம் மாறக் கூடாது. இந்தச் சட்டம் பல கைகள் சேர்ந்த ஓர் இணைப்பு. ஒரு கையில் மையத்திலிருந்து மையத்துக்கான தூரம் இடப்பக்கம் ஓர் அளவும் வலப்பக்கம் வேறோர் அளவுமாக இருந்தால், புதிய போல்ட்டுகள் போட்டும் கூரை கோணலாகத்தான் எழும். தேயாத விளிம்பை ஆதாரமாகக் கொண்டு மையத்தைக் குறித்து, இடப்பக்கக் கையையும் வலப்பக்கக் கையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்பே ரீமரைத் தொடுங்கள்.


நீலக்கன்வர்டிபிள்

மிக்க நன்றி ஐயா. சிலிண்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் தூக்கிப் பார்த்தோம். நீங்கள் சொன்னபடியே இடப்பக்கத்தின் நடு மூட்டுதான் பிடித்துக்கொள்கிறது. வலப்பக்கத்தில் அதே மூட்டு நன்றாகச் சுழல்கிறது, ஆனால் ஆட்டம் இருக்கிறது. பட்டைகளில் ஒன்று இன்னும் சட்டத்திலேயே இருந்ததால் வளைவுகளின் தூரங்களையும் குறித்துக்கொண்டேன். கொக்கிகளைப் பற்றியும் பம்பைப் பற்றியும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும். கொக்கியின் உடல் காந்தத்தில் ஒட்டவில்லை. அலுமினியம் என்று நினைத்தேன், ஆனால் கையில் எடுத்தால் கனமாக இருக்கிறது.


பதில் – முலாம்பட்டறை

காந்தத்தில் ஒட்டாமலும் கனமாகவும் இருந்து, பொரிந்த இடத்தில் சாம்பல் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அது துத்தநாக வார்ப்பு. அக்காலக் கார்களின் கைப்பிடிகள், கொக்கிகள், அலங்காரப் பட்டிகள் பலவும் இந்த உலோகத்தில்தான் வார்க்கப்பட்டன. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இந்தக் கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 6.6, கையில் தெரியும் கனத்துக்குக் காரணம் அதுதான்.

இந்த உலோகத்தை இரும்பைப் போல நடத்தினால் பொருள் பாழாகிவிடும். இது 400 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடுவதால், கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கி இறுகிய பின்னைக் கழற்ற முயலக் கூடாது. நிறம் மாறாமலேயே திடீரென்று சரிந்துவிடும். காஸ்டிக் கலந்த பெயின்ட் நீக்கியும், அமிலமும் இதை அரித்துவிடும். மணல் வீச்சும் வேண்டாம். இளஞ்சூடான நீரும் சோப்பும் நைலான் பிரஷும் போதும்.

பொரிவு ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால், முலாமிடுபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் விளங்கும். அலங்காரக் குரோம் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். ஈரம் அவற்றின் வழியே இறங்கி, நிக்கலையும் செம்பையும் கடந்து துத்தநாகத்தைத் தொட்டதும், அரிப்பு உள்ளே பரவி மேலிருக்கும் படலத்தைக் கொப்புளம்போல் தூக்குகிறது. எனவே மேலே தெரியும் புள்ளி சிறியதாக இருந்தாலும், அடியில் குழி அகலமாக இருக்கும். பழைய படலங்களை முழுவதும் நீக்கி, ஒவ்வொரு குழியையும் சுத்தமான உலோகம் தெரியும்வரை தோண்டி எடுக்காமல் மேலே முலாம் பூசினால், சில காலத்திலேயே அதே இடத்தில் மறுபடி பொரியும்.

குழிகளைத் தோண்டிய பிறகு, முதலில் மெல்லிய காரச் செம்புப் படலம் இட வேண்டும். அமிலச் செம்புத் தொட்டியில் நேராக இறக்கினால் துத்தநாகம் கரைந்துவிடும். அந்தப் படலத்தின்மேல் ஈய வெள்ளீயப் பற்றாசால் குழியை நிரப்பி, மறுபடி செம்பு ஏற்றி, தேய்த்து மட்டமாக்கி, பிறகு நிக்கல், கடைசியாகக் குரோம் என்று வேலை போகும். மெருகின் தரம் முழுவதும் செம்பைத் தேய்க்கும் கட்டத்தில்தான் முடிவாகிறது. அதே கட்டத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது: பஃபிங் சக்கரத்தை அளவுக்கு மீறி அழுத்தினால் கொக்கியின் கூரிய விளிம்புகள் மழுங்கி, அச்சின் அழகே போய்விடும். விளிம்புகள் கூர்மை குறையாமல் திரும்பி வர வேண்டும் என்று எழுதியே கொடுங்கள்.

அனுப்புவதற்கு முன் எஃகுப் பின், ஸ்பிரிங், திருகு கொக்கி ஆகியவற்றைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். பின் செல்லும் துளைகளிலும் மரைகளிலும் முலாம் ஏறாதபடி அடைக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கை எக்காரணத்தாலும் அமிலத் தொட்டியில் போட விடாதீர்கள். கடினமாக்கப்பட்ட எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, பார்வைக்கு நன்றாக இருக்கும் ஸ்பிரிங் ஒருநாள் கண்ணாடிபோல் முறிந்துவிடும். முலாம் இட்டே தீர வேண்டுமென்றால், இட்ட சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவிலான அடுப்பில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். பழைய திருகுகளில் மங்கிய மஞ்சளோ வெள்ளியோ போன்ற பூச்சு இருந்தால் அது காட்மியமாக இருக்கலாம். அதன் தூள் நஞ்சு. உலர்வாகத் தேய்க்காமல் ஒதுக்கிவிட்டுப் புதிய திருகுகளைப் போடுவதே நல்லது.


பதில் – அழுத்தமானி

பம்பைப் பற்றிச் சொல்கிறேன். முந்தைய பதிலில் சுழல்மூட்டு அவர்கள் சிலிண்டரைக் குறை சொல்வதற்கு முன் மூட்டைப் பார்க்கச் சொன்னதற்கு ஹைட்ராலிக் முறையிலேயே காரணம் இருக்கிறது. பம்பிலிருந்து வரும் எண்ணெய் இரண்டு சிலிண்டர்களுக்கும் பிரிந்து போகிறது. இரண்டையும் ஒரே வேகத்தில் ஓடவைக்கும் கருவி எதுவும் நடுவில் இல்லை. எண்ணெய் எப்போதும் எதிர்ப்புக் குறைந்த பக்கத்துக்கே முதலில் போகும். இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஓட வைப்பது குறுக்கே செல்லும் வளைவுச் சட்டங்களும் முன்சட்டமும்தான். ஒரு பக்க மூட்டு இறுகியிருந்தால், மறுபக்கச் சிலிண்டர் முந்திச் சென்று அந்தச் சட்டங்களை முறுக்குகிறது. பல காலம் அப்படியே ஓட்டப்பட்ட கூரைகளில் முன்சட்டமே முறுக்கேறியிருப்பதுண்டு. ஆகவே கழற்றியதும் அதைச் சமதளமான மேசையில் வைத்து நான்கு முனைகளும் தொடுகின்றனவா என்று பாருங்கள்.

மூட்டுகளைச் சரிசெய்த பிறகும் ஒரு பக்கம் பின்தங்கினால், இரண்டு சிலிண்டர்களையும் பக்கம் மாற்றிப் பொருத்துங்கள். குறை சிலிண்டரோடு சேர்ந்து மறுபக்கம் போனால் அதன் உள்சீல் போய்விட்டது என்று பொருள். அதே பக்கத்திலேயே நின்றால் சிலிண்டர் குற்றமற்றது. சிலிண்டரின் தண்டைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் துருக்குழி ஒன்று இருந்தாலும் அது ஒவ்வொரு ஓட்டத்திலும் சீலின் உதட்டை அறுக்கும். அப்படிப்பட்ட சிலிண்டரில் புதிய சீல் போடுவது வீண். மடித்து மூடப்பட்ட முனையுள்ள சிலிண்டர்களைப் பிரிப்பதும் எளிதன்று. அவற்றை முழுதாக மாற்றுவதே வழக்கம்.

உறுமல் சத்தத்துக்கு முதல் காரணம் எண்ணெய் குறைந்து காற்று கலப்பது. தொட்டியின் மூடியைத் திறந்து, எண்ணெய் நுரையாகவோ பால்போலவோ இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மஸ்டாங்குக்கு ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் எண்ணெய்தான் வேண்டும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அதற்கு முந்தைய காலத்து வேறு சில கார்களின் கூரைப் பம்புகள் பிரேக் ஆயிலில் ஓடின. இரண்டு எண்ணெய்களுக்கும் ரப்பர் வகையே வேறு: ஒன்றுக்கான சீல் மற்றொன்றில் ஊறிப் பருத்து மென்மையாகிவிடும். பிரேக் ஆயில் கசிந்தால் பெயின்ட்டையும் உரித்துவிடும். முந்தைய உரிமையாளர் எதை ஊற்றினார் என்று தெரியாத வண்டியில், ஹோஸ்களைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே பாதுகாப்பு.

நிரப்பும்போது தண்டுகள் உள்ளே ஒடுங்கிய நிலையில் இருக்கட்டும். தண்டு வெளியே நீண்டிருக்கும்போது சிலிண்டர்கள் கூடுதல் எண்ணெயைப் பிடித்துக்கொள்வதால் தொட்டியின் மட்டம் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் விளிம்புவரை நிரப்பினால், தண்டு ஒடுங்கும்போது திரும்பி வரும் எண்ணெய் வழிந்து பின்னிருக்கையின் அடியில் தேங்கும். சட்டத்தோடு இணைக்காமலேயே தண்டுகளைச் சில முறை முழுவதும் நீட்டி ஒடுக்கினால் காற்று வெளியேறிவிடும்.

மோட்டாரை மாற்றும் எண்ணம் வந்தால், அதற்கு முன் அது ஓடும்போது அதன் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்து மோட்டாரில் 10 வோல்ட்டுக்கும் குறைவாக வந்தால், குறை வயரிலோ சுவிட்சிலோ எர்த் திருகின் அடியில் உள்ள துருவிலோ இருக்கிறது. எர்த் திருகைக் கழற்றி, தகட்டை வெளுக்கத் தேய்த்து இறுக்கினாலே பல மோட்டார்கள் உயிர்பெற்றுவிடும்.


பதில் – வண்டுக்கார்

எங்களிடம் இருப்பது கார்மன் நிறுவனம் கட்டிய வோக்ஸ்வாகன் பீட்டில் கேப்ரியோலே. 1949 முதல் 1980 வரை வந்த இந்த வகையில் பம்பு கிடையாது. கையால்தான் மடக்க வேண்டும். இருந்தாலும் இந்த உரையாடலுக்குப் பொருந்தும் ஒரு செய்தி உண்டு. எங்கள் வண்டியின் முன்சட்டத்தில் மரம் இருக்கிறது. அதைப் போலவே பல ஐரோப்பியக் கார்களிலும் துணியை ஆணியடித்துப் பதிக்கும் இடம் மரமாக இருக்கும். இத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் இரும்பை மட்டும் சோதித்துவிட்டு நிற்கக் கூடாது. ஊசிமுனையுள்ள ஆணி ஒன்றால் மரத்தைக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை நிற்கும், உளுத்த மரத்தில் வெண்ணெயில் இறங்குவதைவிட எளிதாக இறங்கும். ஓரத்தில் மட்டும் உளுத்திருந்தால் நீர்த்த எபாக்சியை ஊறவிட்டு உறுதியாக்கலாம். கொக்கியின் திருகு பிடிக்கும் இடத்தில் உளுத்திருந்தால் புதிய மரம்தான் வேண்டும். அந்த ஒரு திருகில்தான் ஓடும் காற்றின் இழுப்பு முழுவதும் தங்குகிறது.

உங்கள் மஸ்டாங்கில் மரத்துக்குப் பதில் துணிப்பதிப்புப் பட்டி வளைவின் பள்ளத்தில் இருக்கும். அது காய்ந்து உதிர்ந்திருந்தால், இப்போதே மாற்றிவிடுங்கள்.


பதில் – அரிப்புத்தடுப்பு

பூச்சைப் பற்றி முதல் பதிலோடு ஓரளவு மாறுபடுகிறேன். வரிசையில் பூச்சு கடைசி என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மூட்டே இல்லாத நீண்ட வளைவுச் சட்டங்களுக்குப் பவுடர் கோட்டிங் நல்ல தேர்வு. அவற்றின் குழாய் வடிவத்தைச் சுற்றிலும் அது மூடுகிறது, துணி உரசினாலும் எளிதில் உரியாது.

மூட்டுள்ள பக்கச் சட்டங்களுக்குத்தான் அது ஆகாது. பவுடரின் தடிமன் பொதுவாக 60 முதல் 100 மைக்ரான். எதிரெதிரே உரசும் இரண்டு முகங்களிலும் அது ஏறினால், 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் செய்த தோள் போல்ட் மூட்டு அப்படியே பூட்டிக்கொள்ளும். வேகவைக்கும் அடுப்பு 180 முதல் 200 டிகிரி வரை போவதால் நைலான் புஷ் உருக்குலையும், வெண்கலப் புஷ்ஷில் ஊறிய எண்ணெய் வடிந்துவிடும், துத்தநாக வார்ப்புக்குள் அடைபட்ட காற்று விரிந்து கொப்புளம் எழும். ஆகவே அந்தப் பகுதிகளுக்கு எபாக்சி பிரைமரும் அதன்மேல் மெல்லிய பெயின்ட்டும் போதும். உரசும் முகங்களில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, பிறகு அங்கே கிரீஸ் மட்டும் தடவுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். முழுப் பளபளப்புக் கறுப்பு அடித்துவிடாதீர்கள். பழைய துணிப் பட்டை மூடியிருந்த இடத்தையும், பீடிங் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் பட்டி) பதிந்திருந்த பள்ளத்தையும் துடைத்துப் பார்த்தால், வெயில் படாத அசல் பூச்சு ஒரு விரல் அகலத்துக்காவது மிஞ்சியிருக்கும். அதன் நிறத்தையும் மினுமினுப்பையும் பார்த்துப் பொருத்தினால், கூரையைத் திறந்து வைத்தாலும் சட்டம் வண்டியோடு இயல்பாகச் சேர்ந்து நிற்கும்.

துரு நீக்கச் சலவைச் சோடா நீரில் மின்சாரம் செலுத்தும் முறையைக் கையாள்பவர்கள் நேர்மின்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து நஞ்சான குரோமியம் நீரில் கலக்கும். சாதாரண இரும்புத் தகடே போதுமானது. பீடிங்கைப் பிடிக்கும் பட்டி அலுமினியமாக இருந்து, அதில் எஃகுத் திருகு போட நேர்ந்தால், மரையில் அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை திருகின் தலைதான் கழன்று வரும்.


நீலக்கன்வர்டிபிள்

ஒவ்வொரு பதிலும் எனக்குப் பெரிய உதவி. இடப்பக்க நடு மூட்டின் ரிவெட்டை எடுத்துப் பார்த்ததில் தேய்மானப் படி தெளிவாகத் தெரிகிறது. துளையும் முன்நோக்கி நீண்டிருக்கிறது. இரு பக்க மூட்டுகளுக்கும் புஷ் பொருத்துவதாக முடிவு செய்திருக்கிறேன். கடைசியாக ஓர் ஐயம்: சட்டம் சரியான பிறகு, கண்ணாடி, பீடிங், கொக்கி, துணி ஆகியவற்றில் எதை முதலில் பொருத்திச் சரிசெய்வது?


பதில் – சுழல்மூட்டு

கதவிலிருந்து தொடங்குங்கள். கார் தரையில், தன் சக்கரங்களிலேயே நிற்க வேண்டும். கூரையில்லாத உடல் ஜாக்கியின்மேல் ஏற்றியதும் நடுவில் வளையும். அந்த நிலையில் செய்த எந்தச் சரிபார்ப்பும் வண்டியை இறக்கியதும் பொய்யாகிவிடும். கதவின் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இல்லையென்றால், அடிச்சட்டத்தில் இன்னும் வேலை மிச்சமிருக்கிறது என்று கொள்ளுங்கள். கூரையை வளைத்து அந்தக் குறையை மறைக்க முயல வேண்டாம்.

கதவு சரியானதும் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றி, அவற்றின் சாய்வையும் உயரத் தடையையும் பொருத்துங்கள். கதவின் கண்ணாடியும் அதற்குப் பின்னுள்ள பக்கக் கண்ணாடியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அதன் பிறகு வெறும் சட்டத்தை மூடிக் கொக்கியிட்டு, பக்கச் சட்டம் கண்ணாடியின் மேல்விளிம்புக்கு இணையாகப் போகிறதா என்று ஒரு கோடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். சட்டம் உடலோடு சேரும் பெரிய தாங்கியின் துளைகள் நீளவாக்கில் வெட்டப்பட்டிருக்கும். அந்தத் துளைகளுக்குள் தாங்கியை நகர்த்தித்தான் முன்பின்னும் மேல்கீழும் சரிசெய்ய வேண்டும். இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். பழைய தாங்கி நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்தால், எவ்வளவு நகர்ந்தோம் என்பது எப்போதும் கண்முன் இருக்கும்.

கொக்கியின் நீளத்தை மரையால் கூட்டிக் குறைக்கலாம் என்றாலும், சட்டத்தின் கோணலைக் கொக்கியை இறுக்கிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். முலாமிட்டு வந்த துத்தநாக உடல் அந்த இழுப்பில் வெடித்துவிடும். கொக்கி தன் மையம் தாண்டி விழும்போது ஓர் உறுதியான பிடிப்பு தெரிய வேண்டும். முழங்கையின் பலம் தேவைப்பட்டால் ஏதோ ஒன்று இன்னும் இடம் மாறியிருக்கிறது.

இந்த நிலையில்தான் எல்லாவற்றையும் மறுபடி கழற்றிப் பூச்சுக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வந்து கோத்ததும் புதிய பீடிங்கைப் பொருத்தி, ஒரு துண்டுக் காகிதத்தைக் கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவே வைத்துக் கதவை மூடி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்துகொண்டே போனால், பிடி தளரும் இடத்தில்தான் மழைநீர் இறங்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். புதிய பீடிங் சற்றுத் தடித்திருப்பதால் கண்ணாடியின் மேல்தடையை மறுபடி ஒரு நூல் அளவு மாற்ற நேரலாம், அது இயல்புதான்.

அதன் பிறகே பட்டைகளும் துணியும். நீங்கள் குறித்து வைத்த தூரங்களின்படி வளைவுகளை நிறுத்தி, பட்டைகளைப் பதித்து, பின்வளைவின் உயரத்தை மறுபடி அளந்துவிட்டுத் துணியை இழுத்துப் பதியுங்கள். பதிக்கும் பின்கள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரணப் பின் முதல் மழைக்காலத்திலேயே துணியில் பழுப்புக் கறை விடும். துணி போட்டதும் உடனே மடக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, கொக்கியிட்ட நிலையிலேயே சில வாரங்கள் வெயில் படும்படி விட்டுவிடுங்கள். துணி இழுபட்டுத் தன் வடிவத்தில் நின்றதும் கொக்கியின் இறுக்கம் சற்று மாறியிருக்கும். இரு பக்கக் கொக்கிகளின் மரையையும் ஒரே அளவு திருகி அதை ஈடுசெய்த பின்னர் முதல் முறையாக மடக்குங்கள்.